பஞ்சாட்சரம் போட்ட சத்தம்

நாற்பத்தொரு வயதில் கராத்தே எதற்கு என்று உத்திரமேரூரில் என்னைக் கேட்காத ஆள் இல்லை. அது எண்பத்திரண்டாம் வருஷம். நான் யாரை அடிக்கப் போகிறேன்? என் மனைவி கங்கம்மாள் செத்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பேச ஆள் இல்லை, அவ்வளவுதான். காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறினால் கிளாஸில் பன்னிரண்டு பேர் "வாங்கண்ணே" என்பார்கள்.

மாஸ்டர் ராஜாராம் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். என் குத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"மூச்ச அடக்கிக்கினு குத்துறீங்கண்ணே, ஒடம்பு கட்டிப்போவுது. குத்தும்போது சத்தம் போட்டு மூச்ச வெளிய வுடுங்க. அடுத்த வாரம் டெஸ்ட்டு. சத்தம் வரலன்னா கிளாஸ்ல வச்சிக்க முடியாது."

அந்தப் பன்னிரண்டு பேரும் போனால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

நான் நெல் மண்டியில் சாக்குத் தைப்பவன். உமி அடைத்த சாக்கு ஒன்றை வீட்டு உத்தரத்தில் தொங்கவிட்டு நாலு நாள் குத்தினேன். சத்தம் தொண்டையிலேயே நின்றது. எங்கள் தெருவில் வீட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தால் ஒன்று சாவு, இல்லாவிட்டால் சண்டை. என் வீட்டில் சண்டை போட ஆள் ஏது?

வெள்ளிக்கிழமை சாயங்காலம், வருவது வரட்டும் என்று வாய்விட்டுக் கத்தி ஒரு குத்து விட்டேன். சாக்கு சுவரில் போய் மோதியது. மறுநிமிடம் பக்கத்து வீட்டு அம்முலு அக்கா ஈரக்கையோடு ஓடிவந்தாள். பின்னாலேயே அவள் வீட்டுக்காரர் சின்னப்பையன் தடியோடு, இன்னும் நாலைந்து பேர்.

"இன்னாப்பா ஆச்சி?"

வெட்கமாகப் போய்விட்டது. "பாம்புக்கா" என்றேன்.

பெட்டி, பானை, பாய் எல்லாவற்றையும் புரட்டினார்கள். "அடுப்புல பூன தூங்குது, இன்னாதான் துன்ற நீ?" என்று அம்முலு அக்கா சோறும் குழம்பும் கொண்டுவந்தாள். ரெண்டு வருஷத்தில் என் வீட்டில் இத்தனை பேர் உட்கார்ந்ததில்லை. இவர்கள் தேடி முடிக்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் பார்த்தால், அக்கா பாம்புக்குப் பயந்து பேரப்பிள்ளைகளை வாசலுக்கே விடவில்லை. மனசு உறுத்தியது. உண்மையைச் சொல்லிவிட்டேன். தெருவே விழுந்து விழுந்து சிரித்தது.

ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட்டில் தேறினேன். ராஜாராம் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை சாயங்காலம் மறுபடி கத்தினேன். ஒரு கதவும் திறக்கவில்லை. பக்கத்து வீட்டில் ஏதோ ஒரு பிள்ளை மட்டும் பயந்துபோய் என்னவென்று கேட்டது. அம்முலு அக்காவின் குரல் சுவர் தாண்டி வந்தது.

"அது ஒண்ணுமில்லடா, நம்ம பஞ்சாட்சரந்தான். நீ துன்னு."

இன்னும் பலமாக ஒரு தரம் கத்தினேன். குத்து சுத்தமாக விழுந்தது. யாரும் வராத வாசலைப் பார்த்துக்கொண்டே அழுதேன்.