அரை ஏற்றத்தில் அறுந்த பேச்சு

கடையின் பின்னறையில் அன்று நாலு பேர். அடுப்பை ஒட்டிய பெஞ்சில் படகோட்டி எய்லிஃப். தபால் ஜன்னலுக்குப் பின்னால் அவன் மனைவி துர்பியோர்க்; கடையும் அவளுடையது, தீவின் தபாலும் அவள் கையில். சாய்ந்துகொள்ள வாகான ஒரே நாற்காலியில், கோட்டைக்கூடக் கழற்றாமல், போடோ நகரத்து மேலதிகாரி ஸ்வெர்ரே. கடலைப் பார்த்த ஜன்னலோரம், உருளைக்கிழங்கு மூட்டைமேல், துர்பியோர்கின் அண்ணன் மகள் இங்குன்.

இங்குன் தொலைத்தொடர்புப் பொறியாளர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தீவுக்கும் அக்கரைக்கும் வானலை வழியே தொலைபேசி கொடுத்த கோபுரம், அவள் தனியாக எடுத்துச் செய்த முதல் வேலை. அதுதான் நாளுக்குச் சில தடவை செத்துச் செத்துப் பிழைத்தது.

"நேத்து ரொட்டிக்குச் சொல்லிட்டிருக்கேன், பொசுக்குன்னு போச்சு," என்றாள் துர்பியோர்க். "முந்தாநாள் அதுக்கும் முன்னாடியே போச்சு. ஒரு நேரங்காலம் வேணாமா?"

"எனக்கு அது சௌகரியந்தான்," என்றான் எய்லிஃப். "எப்ப வீட்டுக்கு வர்றேன்னு நீ ஆரம்பிப்பே, லைன் போயிரும்."

ஸ்வெர்ரே சிரிக்கவில்லை. "சாயங்காலப் படகுல என் அறிக்கை போகணும், இங்குன். இது சரியாகணும்னா கோபுரத்தை உசத்தணும், அதுக்குப் பணம் தரமாட்டாங்க. இதை மூடிட்டா உங்க வேலையும் அதோட சரி. எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு."

இங்குன் அத்தை சுட்டுத் தந்த வாஃபிள் பலகாரத்தைப் பிய்த்தபடி வெளியே பார்த்தாள். படகுத்துறைக் கால்களில் பாசி பாதி நனைந்திருந்தது. நேற்று அத்தை புலம்பியபோதும் தண்ணீர் அங்கேதான் நின்றது. முந்தாநாளும்.

"அத்தை, போனை எடுத்துப் பாருங்க!"

எடுத்தாள். "செத்துக் கெடக்கு."

"கடிகாரத்தையே பாத்துட்டிருந்தேன். தண்ணியைப் பாத்திருக்கணும்." இங்குன் எழுந்தேவிட்டாள். "வானலை ஒண்ணு அக்கரையிலேருந்து நேரா வருது. இன்னொண்ணு கடல்மேல பட்டுத் தெறிச்சு வருது. தண்ணி பாதி ஏறி நிக்கறப்போ ரெண்டும் மோதி ஒண்ணையொண்ணு அழிச்சிருது. கடல் ஒரே மட்டத்துல நிக்கும்னு கணக்குப் போட்டுட்டேன்."

"அடிப்பாவி!" எய்லிஃப் தொடையைத் தட்டினான். "நடக்கப் பழகுனதே இந்தத் துறையில. ஏத்தமும் வத்தமும் உனக்கு மறந்துபோச்சா?"

"பேப்பர்ல கடல் ஒரு கோடுதான், மாமா." அவள் முகம் சிவந்தது. உடனே ஸ்வெர்ரே பக்கம் திரும்பினாள். "கோபுரத்து உச்சியில அலையை வாங்கற தட்டைக் கீழே இறக்கணும். முன்னாடி இருக்கற பாறைத் திட்டு தெறிச்சு வர்ற அலையை மறைச்சிடும். நேரா வர்றது அதுக்கு மேலால வந்துரும்."

"கோபுரத்தை உசத்தணும்னு என்கிட்ட சண்டை போட்டவங்கதான் உண்டு," என்றார் அவர். "இறக்கணும்னு கேக்கற முதல் ஆள் நீங்க." சொல்லிவிட்டுக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார்.

கோபுரத்தில் இங்குன் ஏறினாள். கீழிருந்து ஸ்வெர்ரே கயிற்றைப் பிடித்தார். தட்டை இறக்கிப் பல தடவை திருப்பியபின் அக்கரை தெளிவாகக் கேட்டது. ஆனால் அதற்குள் ஏற்றம் நிறைந்துவிட்டது. தண்ணீர் மறுபடி பாதிக்கு வற்றும்வரை காத்திருக்க வேண்டும்.

எய்லிஃப் படகோடு அக்கரைக்குப் போய், தண்ணீர் பாதியை நெருங்கும் நேரத்தில் அங்கிருந்து கூப்பிட்டான். ரிசீவர் துர்பியோர்க் காதில். இங்குனின் கண் துறைக் கால்களில்.

"எப்ப வர்றீங்க?"

"சாயங்காலப் படகு."

"அதுக்குள்ள யார் வீட்டுல காபி?"

"யார் வீட்டுலயும் இல்ல."

"பின்னால பொம்பளை சிரிக்கற சத்தம் கேக்குதே?"

பாசி பாதி வெளியே வந்தது. இங்குன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் அதற்கும் கீழே ஒரு விரற்கடை இறங்கியது.

"அது டிக்கெட் குடுக்கற அம்மா! அடியே, லைன் இன்னும் போகலையா?"

"தேன் மாதிரி கேக்குது. சொல்லுங்க."

ஸ்வெர்ரே முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கடை மேசையின் ஒரு முனையில் அவர் அறிக்கை எழுத, மறுமுனையில் இங்குன் தலைமை அலுவலகத்துக்கு எழுதினாள்: பிழை எங்கே நடந்தது, எப்படிச் சரியானது, தன்னை ஏன் நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த தீவின் கோபுரத்தையும் தனக்கே கொடுக்கும்படி கடைசியில் ஒரு வரி சேர்த்தாள். ஸ்வெர்ரே எட்டிப் பார்த்தார். அந்த வரியை அடித்துவிடச் சொல்லவில்லை.

சாயங்காலப் படகு வந்தது. எய்லிஃபின் முகம் தொங்கிப்போயிருந்தது. "என் பொழப்பைக் கெடுத்துட்டியே, பொண்ணே."

இங்குன் உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து அழுத்தி ஒட்டினாள். துர்பியோர்க் தபால்தலை மேல் முத்திரையை ஓங்கிக் குத்தி, கடிதத்தையும் ஸ்வெர்ரேயின் அறிக்கையையும் தபால் பையில் போட்டுக் கணவன் தோளில் மாட்டிவிட்டாள். கடல் நன்றாக வற்றியிருந்தது. படகு பாறைத் திட்டைச் சுற்றிக்கொண்டு அக்கரைக்குத் திரும்பியது.