ஆற்றுக்கு இந்தப் பக்கம்

மலாயாவில் ரெம்பியாவுக்கு அப்பால் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் உபதேசியார் மைக்கேலின் வாய்க்கு ஒரு மரியாதை இருந்தது. சாமியார் மலாக்காவிலிருந்து மாதம் ஒரு முறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் தோட்டத்துச் சின்னக் கோவிலில் செபம் சொல்வதும் வேதக் கதை சொல்வதும் மைக்கேல்தான். அதிலும் இஸ்ராயேல் சனம் எகிப்தை விட்டுக் கிளம்பிய கதையை எடுத்துவிட்டால் மனுசனுக்கு நேரம் போவதே தெரியாது. கேட்கிறவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

"பாலும் தேனும் ஓடுற ஊரைத் தர்றேன்னு ஆண்டவர் வாக்குக் குடுத்திருக்காரு. வேவு பாக்கப் போன பன்னெண்டு பேருல பத்துப் பேரு பயந்தாங்கொள்ளிப் பயலுங்க! 'அங்க ராட்சசனுங்க இருக்கானுங்க, நாங்க வெட்டுக்கிளி மாதிரி இருந்தோம்'னு வந்து சொன்னானுங்க. அதைக் கேட்டுச் சனம் அழுதுச்சி. த்தூ!" என்பார். உண்மையாகவே துப்புவார்.

முப்பத்தொன்றாம் வருடம் ரப்பர் விலை படுத்துவிட்டது. தோட்டத்தை மூடப்போகிறோம், இந்தியாவில் சொந்த ஊருக்குப் போகிறவர்களுக்குக் கப்பல் இலவசம் என்று துரை சொல்லிவிட்டார். அந்த மாதம் வந்த சாமியார் இன்னொரு வழி சொன்னார். செர்காம் பக்கம் உள்ளே தள்ளி ஒரு சர்க்கார் காடு இருக்கிறது, வெட்டித் திருத்திக் குடியேறலாம், நான் பேசி வாங்கித் தருகிறேன், முதலில் யாராவது போய் மண்ணைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். சனம் முழுக்க மைக்கேலைப் பார்த்தது. இத்தனை வருடம் வேவுக்காரர்களைத் திட்டியவர் வேறு யாரைக் கைகாட்ட முடியும்?

துணைக்கு வீராசாமி போனான். அவன் வேதக்காரன் இல்லை. பக்கத்து லயத்துக்காரன், கள்ளுக்கடையில் அவனுக்கென்று ஒரு மூலை உண்டு. ஞாயிற்றுக்கிழமை கோவில் சன்னலுக்கு வெளியே நின்று கதையைப் பாதி கேட்பான், கடை திறக்கும் நேரம் வந்ததும் நழுவிவிடுவான்.

கம்பம் என்கிற மலாய்க் கிராமங்களில் கடைசியைத் தாண்டியதும் ஒரு ஆறு குறுக்கே கிடந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் நிலம் என்று ஒரு மலாய்க்காரர் கைகாட்டிவிட்டுப் போனார். மழைத் தண்ணீர் கலங்கி மார்பளவு ஓடியது. கரைச் சேற்றில் ஏதோ ஒன்றின் காலடி பதிந்திருந்தது. புலியா, எருமைக் கன்றா என்று மைக்கேல் குனிந்து பார்க்கவில்லை. இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார்.

"காலு சுளுக்கிக்கிச்சி வீராசாமி. நீ போய்ப் பாத்துட்டு வா" என்றார்.

வீராசாமி இறங்கினான். மைக்கேல் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து செபமாலையை உருட்டினார். எத்தனை முறை உருட்டினாலும் மனம் அந்தக் காலடியிலேயே நின்றது. வெயில் சாயும்போது வீராசாமி திரும்பினான். அட்டை கடித்து இரண்டு காலிலும் ரத்தம். துண்டில் ஒரு பிடி மண் முடிந்திருந்தான்.

"கறுப்பு மண்ணு, உபதேசியாரே. மரவள்ளி நட்டா ஆளு உசரம் வரும்லா!"

மறுநாள் சாயங்காலம் கோவில் வாசலில் எல்லாரும் கூடியிருந்தார்கள். ஜெயராஜ்தான் முதலில் கேட்டான். இங்கேயே பிறந்த பையன், பெண்டாட்டி பாட்ரீசியா வாயும் வயிறுமாக இருந்தாள்.

"பாத்தீங்களா, உபதேசியாரே?"

நான் போகவில்லை, வீராசாமிதான் போனான் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பயந்தாங்கொள்ளி என்று இவர் காறித் துப்பியதைக் கேட்ட காதுகள் அத்தனையும் எதிரே இருந்தன. மண் நல்லது என்று சொன்னாலோ, எல்லாருக்கும் முன்னால் அந்த ஆற்றில் இவர்தான் இறங்க வேண்டும்.

"பாத்தேன்" என்றார். அந்த ஒரு சொல் போன பிறகு மிச்சம் தானாக வந்தது. "ஆத்தைத் தாண்டிப் போய்ப் பாத்தேன், அது மனுசன் போற எடமில்ல. புலிக்காடு. தண்ணி நிக்கிற மண்ணு. போனா காய்ச்சல்லயே போய்ச் சேந்துருவோம்."

"இல்லீங்க, நல்ல மண்ணுங்க" என்று வீராசாமி துண்டை அவிழ்த்தான்.

"நீ எந்தக் கள்ளுல பாத்தே?" என்று யாரோ கேட்க, கூட்டம் சிரித்தது. மைக்கேலும் சிரித்தார். வீராசாமி அவருடைய சுளுக்காத காலை ஒரு முறை பார்த்துவிட்டு, துண்டை முடிந்துகொண்டு போய்விட்டான்.

வேட்டியைத் துவைக்க எடுத்த அவர் மனைவி பிரிஜிட், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆத்தைத் தாண்டுன வேட்டியில கணுக்காலுக்கு மேல சேறே இல்லியே?" என்றாள். மைக்கேல் வெளியே போனார். அவளும் பிறகு கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம் என்று இருந்தது அவருக்கு. அடுத்த ஞாயிறுகளில் அவர் கதை சொல்லவில்லை, தொண்டை கட்டியிருப்பதாகச் சொல்லி செபத்தோடு நிறுத்திக்கொண்டார். பாதிப் பேர் பார்த்தேயிராத இந்திய ஊருக்குப் போவதற்காக சனங்கள் கோழியையும் ஆட்டையும் விற்பதைப் பார்க்கும்போதெல்லாம் உடம்பு கூசியது.

துறைமுகத்துக்குக் கொண்டுபோக லோரி வந்த காலையில் வீராசாமி தலையில் மூட்டையும் தோளில் மண்வெட்டியுமாக வந்தான். அவன் மனைவி ஜானகி பின்னால் நின்றாள். அவர்கள் கப்பலுக்குப் போகவில்லை, செர்காமுக்குப் போகிறார்கள்.

மைக்கேல் அவனை ஓரமாக இழுத்தார். "அன்னிக்கு நான் ஆத்துல எறங்கலேன்னு நீ ஏன் சொல்லலே?"

"எப்படிங்க சொல்றது? ஆண்டவன் வாக்குக் குடுத்தா நம்பிப் போவணும்னு நீங்க சொன்னதைக் கேட்டுத்தான் நானே எறங்குனேன். அந்த வாயைப் போயிப் பொய்யின்னு சொல்லலாமா?" அவன் குரலில் குத்தல் கொஞ்சமும் இல்லை. கும்பிட்டுவிட்டு நடந்தான்.

மைக்கேல் லோரிக்கு எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது. மேலே பெட்டிகளுக்கு நடுவில் எல்லாரும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஜெயராஜ் கைகொடுத்துத் தூக்கிவிட்டான்.

"இப்படி நல்லா உக்காருங்க. நீங்க போய்ப் பாத்துச் சொல்லாட்டி நாங்க பிள்ளையும் குட்டியுமா அந்தக் காட்டுல செத்திருப்போம். ஊருல எங்களுக்கு யாரையும் தெரியாது. அங்கயும் நீங்கதான் வழி காட்டணும்."

பாட்ரீசியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவருக்காக நகர்ந்து இடம் விட்டாள். அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை.

"நான் ஆத்தைத் தாண்டவே இல்ல" என்றார். "பயந்துபோயி இந்தப் பக்கமே உக்காந்துட்டேன். வீராசாமிதான் போனான்."

ஜெயராஜ் அவரை நிமிர்ந்து பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார்.

"அப்ப அந்த மண்ணு எப்படி?" என்று மட்டும் கேட்டான்.

"எனக்குத் தெரியாது. பாத்தவன் வீராசாமிதான்" என்றார் மைக்கேல்.

ஜெயராஜ் கீழே குதித்தான். "அண்ணே! வீராசாமியண்ணே!" என்று கத்திக்கொண்டே ரோட்டில் ஓடினான். பாட்ரீசியா தன் மூட்டையைக் கீழே தள்ளினாள். இன்னும் இரண்டு மூன்று பேர் இறங்கினார்கள். மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். டிரைவர் ஆரன் அடித்தான்.

பிரிஜிட் எழுந்து டிரங்குப் பெட்டியின் ஒரு பக்கக் காதைப் பிடித்தாள். மறு காதைப் பிடிக்கும்படி அவள் சொல்லவில்லை. அவர் பக்கம் திரும்பவும் இல்லை. மைக்கேல் தலையைக் குனிந்தபடி தானாகவே அதைப் பிடித்துக்கொண்டு, அவள் பின்னால் இறங்கினார்.