வீங்கிய குழந்தையும் இரண்டு வாக்குமூலங்களும்

வாருங்கள், வந்து இந்த முற்றத்தில் நில்லுங்கள். உட்கார வேண்டாம், உட்கார்ந்திருப்பவர்கள் ஏற்கெனவே அதிகம். டோவா மேட்டுநிலத்தில், பிப்ரவரி மழை சற்றே ஓய்ந்த ஒரு காலையில், இருபது பேர் வட்டமாக அமர்ந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு பாய். பாயின்மேல் யான்கோ என்னும் இரண்டு வயதுப் பெண்குழந்தை. முகம் வீங்கி, கண்கள் வெறும் கோடுகளாகிவிட்டன. கால் வீங்கி, கணுக்கால் எது என்று தெரியவில்லை. அந்த இருபது பேரில் ஒருவர்கூட அவளைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் அவளைப் பெற்ற இருவர்மேல் இருக்கிறது. இருவரில் யார் வேலி தாண்டியது என்று கண்டுபிடிக்கக் கூடிய கூட்டம் இது. குழந்தை கரைந்துகொண்டிருக்க, பெற்றவர்களின் படுக்கையைத் துப்பறியும் இந்த அநியாயத்துக்கு நீங்கள் சாட்சியாக வேண்டும்.

தாயின் பெயர் எனிஃபா, தந்தையின் பெயர் லைசன். கூட்டத்தைக் கூட்டியவர் எனிஃபாவின் தாய்மாமன் ஸக்கேயோ. அவ்வூரில் ஒரு பெண்ணின் திருமணத்துக்கும் அவள் பிள்ளைகளுக்கும் தாய்மாமனே பொறுப்பு. கணவன் என்பவன் வெளியூரிலிருந்து வந்து குடியேறிய மாப்பிள்ளை, அவ்வளவுதான்.

இதே வீக்கத்தை ஊர் முதலில் பாராட்டியது என்றால் நம்புவீர்களா? டிசம்பர் கடைசியில், வீட்டுக்கு வீடு சோளக் குதிர் காலியாகி, வயலில் கதிர் இன்னும் பால் பிடிக்காத நாட்களில், அடுத்த வீட்டு டோரிக்கா யான்கோவின் கன்னத்தைக் கிள்ளினாள்.

"ஊரெல்லாம் எலும்பும் தோலுமா கெடக்கு. உன் புள்ள மட்டும் எப்படிடி பூசணிக்கா மாதிரி உருண்டு நிக்குது?"

எனிஃபா பெருமையோடு சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவள் பின்னால் பலமுறை நினைத்து வெட்கப்பட்டாள்.

ஜனவரி நடுவில் லைசன் கசுங்குவின் புகையிலைத் தோட்டத்திலிருந்து மூன்று மாத வேலை முடித்துத் திரும்பினான். அவன் வந்த நான்காம் நாள் யான்கோவின் பாதங்கள் உப்பின. கருமுடி செம்பட்டையானது, தொடையில் தோல் உரிந்தது. ஓடித் திரிந்த குழந்தை நடப்பதை விட்டாள். பிறகு விளையாட்டை விட்டாள். பிறகு அழுவதைக்கூட விட்டுவிட்டு, வைத்த இடத்தில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பாராட்டிய ஊர் இப்போது வேறு கண்ணால் பார்த்தது. ட்செம்போ என்று ஒரு சொல் வாசலுக்கு வாசல் முணுமுணுக்கப்பட்டது. பெற்றவர்களில் ஒருவர் நெறி தவறினால் அந்தச் சூடு குழந்தையின் உடம்பில் வீக்கமாக இறங்கும் என்பது அங்கே கேள்வி கேட்காமல் விழுங்கப்படும் நம்பிக்கை. எனிஃபாவும் அதை விழுங்கி வளர்ந்தவள்தான். தன்மேல் தவறில்லை என்பது அவளுக்குத் தெரியும். அப்படியானால் மிச்சம் யார்? கணக்கு அவளுக்கு எளிதாகத்தான் இருந்தது.

அவன் குளிக்கப் போன நேரத்தில் அவன் பையைக் கொட்டிப் பார்த்தாள். பாதி கரைந்த சோப்பு, ஒரு புதுச்சட்டை, ஒரு மஞ்சள் சீப்பு. சட்டையை முகர்ந்து பார்த்தாள். புகையிலை நாற்றம் மட்டுமே வந்தது. அதுவும் அவளுக்குச் சந்தேகமாகவே இருந்தது. வேறு வாசனையை மறைக்கத்தானே இவ்வளவு நாற்றம்?

"யான்கோ அப்பா, மொட்டத்தலைக்கு எதுக்குங்க சீப்பு?"

"யான்கோவுக்கு."

"அவளுக்கு இருக்கற முடியை உள்ளங்கையாலயே வாரிடலாமே."

அவன் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததையும் அவள் குற்றப்பட்டியலில் சேர்த்துக்கொண்டாள்.

சந்தேகம் ஒரு பக்கம் மட்டும் எரியும் அடுப்பல்ல. மூன்று மாதம் வீட்டில் இல்லாதவன் லைசன். அவனுக்கும் தன்மேல் தவறில்லை என்பது தெரியும்.

"தண்ணி எடுத்துட்டு வர இவ்வளவு நேரமா?"

"அடிபம்புல வரிசை."

"வரிசையில உனக்கு முன்னாடி யாரு?"

"ஏன், நாளைக்கு நீங்களே குடத்தைத் தூக்கிட்டுப் போய் எண்ணிட்டு வாங்களேன்!"

இப்படிக் கணவன் மனைவியை எண்ணினான். மனைவி கணவனை முகர்ந்தாள். இருவரையும் ஊர் வேவு பார்த்தது. ஒரு மாலை டோரிக்கா நேரே அடுப்படிக்கு வந்து சட்டியைத் திறந்தாள்.

"கீரையில உப்பு யாரு போட்டது?"

"நான்தான்க்கா. வேற யாரு?"

"இனிமே போடாதே. சூடு பட்ட கை உப்பைத் தொட்டா புள்ளைக்கு ஆகாது. இது தீர்ற வரைக்கும் நான் வந்து போடறேன்."

அன்று முதல் மாலைதோறும் டோரிக்கா உப்புப் போட வந்தாள். ஒரு சிட்டிகை உப்புக்கு அரைமணி நேரம் இருந்தாள். எத்தனை பாய் விரித்திருக்கிறது, எவ்வளவு இடைவெளி விட்டு விரித்திருக்கிறது என்பதெல்லாம் மறுநாள் அடிபம்பு வரிசையில் பேசப்பட்டது. உப்பைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்ட ஊர், அந்தச் சட்டியில் பூசணிக்கீரையைத் தவிர வேறு என்ன இருந்தது என்று ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை.

முதல் கூட்டத்துக்கு ஸக்கேயோ மூலிகை வைத்தியர் காலியாட்டியை அழைத்து வந்தார். அவர் கூலியாக எனிஃபாவின் ஒரே முட்டைக் கோழியைக் கேட்டு வாங்கினார். வேர் ஊறிய பானையை முன்னால் வைத்துக்கொண்டு, "செஞ்சவங்க வாயால சொல்லணும். சொல்லாத வரைக்கும் இது வெறும் தண்ணி" என்றார். லைசன் இல்லை என்றான். எனிஃபா இல்லை என்றாள். பானை மூடியே இருந்தது. வைத்தியர் கோழியோடு போய்விட்டார்.

பத்து நாட்கள் ஓடின. யான்கோ கஞ்சியை வாயில் வைத்ததும் வெளியே வழியவிட்டாள். ஒன்பதாம் நாள் இரவு எனிஃபா ஒரு முடிவுக்கு வந்தாள். அவன் ஒப்புக்கொள்ளப் போவதில்லை, கல்நெஞ்சன். அப்படியானால் செய்யாத குற்றத்தை நாமே சொல்லிவிடுவோம். மானம் போகட்டும், பானை திறக்கட்டும். அந்த வழியாகப் போய்த் திரும்பி வராத ஒரு லாரி ஓட்டுநரின் பெயரை மனத்துக்குள் சொல்லிப் பழகிக்கொண்டாள்.

நீங்கள் வந்து நிற்கும் இந்தக் கூட்டம் இரண்டாவது கூட்டம். வைத்தியரும் பானையோடு மறுபடி வந்திருக்கிறார்.

ஸக்கேயோ தொண்டையைக் கனைத்தார். "கடைசியா கேக்கறேன். புள்ள போயிட்டா அந்தப் பழி யாருது?"

எனிஃபா வாயைத் திறந்தாள். அதற்குள் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"நான்தான் மாமா."

லைசன் எழுந்து நின்றிருந்தான். கூட்டம் பெருமூச்சு விட்டது. டோரிக்கா, "நான் அப்பவே சொன்னேன்" என்றாள்.

"பொண்ணு யாரு?" என்று வைத்தியர் கேட்டார்.

"கசுங்குல... தோட்டத்துல."

"பேரு?"

"மேரி."

"எந்த ஊரு மேரி?"

லைசன் விழித்தான். இடக்காதைப் பிடித்து இழுத்துக்கொண்டான். ஆடு விற்கப் போனால்கூட அதன் நொண்டிக்காலைத் தானே காட்டிக்கொடுத்துவிட்டு வருகிறவன் அவன். பொய் சொல்ல நேர்ந்தால் அவன் கை தானாக அந்தக் காதுக்குப் போய்விடும். எனிஃபா அந்தக் காதைப் பார்த்தாள். ஒரு மாதமாக அவன் பையையும் சட்டையையும் மௌனத்தையும் சோதித்தவள், அவன் முகத்தை இப்போதுதான் பார்த்தாள்.

"பொய்!" என்று கத்தினாள். "அவரு ஒண்ணும் செய்யலை. நான்தான் செஞ்சேன்!"

"யாருகூட?"

"ஒரு லாரி டிரைவர்."

இப்போது லைசன் அவளைத் திரும்பிப் பார்த்தான். இருவர் கண்ணும் சந்தித்தன.

பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். "ஒரு மாசமா ஆள் கெடைக்கலைன்னு தேடினோம். இப்ப ரெண்டு பேரு வரிசை கட்டி நிக்கறாங்கப்பா!"

வைத்தியர் மட்டும் நிதானம் இழக்கவில்லை. "ரெண்டு குத்தம்னா ரெண்டு கோழி" என்றார்.

எனிஃபாவுக்குள் ஏதோ ஒன்று அறுந்து விழுந்தது. அவன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. பிறகு இந்த வீக்கம் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விக்கு அந்த முற்றத்தில் இருந்த ஒருவரிடமும் விடை இல்லை. இருந்த ஒரே விடை கோழி. அவள் குனிந்து குழந்தையை எடுத்து முதுகில் கட்டினாள்.

"எங்கடி போறே? கூட்டம் முடியலை!" என்று ஸக்கேயோ எழுந்தார்.

"நீங்க முடிச்சுக்குங்க மாமா. எனக்கு முடிஞ்சு போச்சு."

லைசன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே ஓடினான்.

மருத்துவமனையில் ஃபைனெஸ் என்ற நர்ஸ் யான்கோவின் பாதத்தில் கட்டை விரலை வைத்து மெல்ல அழுத்தி எடுத்தாள். விரல் பட்ட இடம் ஈர மண்ணைப்போலக் குழிந்தே நின்றது. எனிஃபா பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். இதோ, இவளும் கேட்கப் போகிறாள்: யார், எங்கே, எத்தனை நாளாக?

"புள்ள என்னம்மா சாப்பிடுது?"

எனிஃபா சந்தேகத்தோடு நிமிர்ந்தாள். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். சொல்லுங்க."

"சோளக்களி. பூசணிக்கீரை. சில நாள் களி மட்டும்."

"தாய்ப்பால்?"

"மழைக்கு முன்னாடியே நிறுத்திட்டேன்."

"பயறு, நிலக்கடலை?"

"விதைக்கு எடுத்து வெச்சதுதான் இருந்துச்சு. விதைச்சுட்டோம்."

"முட்டை?"

"கோழியை வைத்தியர் கொண்டு போயிட்டாரு."

நர்ஸ் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு, "இது பசியோட வீக்கம்மா. பயறு, முட்டை இல்லாம வெறும் களியே தின்னா உடம்புல நீர் தேங்கிடும். யாரு பண்ண பாவமும் இல்லை" என்றாள்.

நம்பிவிட்டாளா எனிஃபா? உடனே நம்பவில்லை. ஒரு மாதம் சந்தேகத்தையே உணவாக உண்டவளுக்கு நம்பிக்கை அவ்வளவு எளிதில் செரிக்குமா? முதல் கோப்பைப் பால் வந்தபோது, "இதுல என்ன கலந்திருக்கீங்க? முதல்ல நீங்க குடிங்க" என்றாள். ஃபைனெஸ் கோபப்படாமல் ஒரு மடக்குக் குடித்துக் காட்டினாள். ஆனால் அடுத்த நாள் நிறுத்துப் பார்த்தபோது யான்கோவின் எடை குறைந்திருந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் குறைந்தது. உருண்ட முகம் வற்றி, கன்ன எலும்பு தெரிந்தது. விலா எலும்புகளை எண்ண முடிந்தது. "தேங்கின நீர்தான் முதல்ல வடியும். அதுக்கப்புறம்தான் சதை பிடிக்கும்" என்று நர்ஸ் சொன்னாள். எனிஃபா தலையை ஆட்டினாள்; ஆனால் அன்றிரவு கண் மூடவில்லை. காலடியில் மூட்டை கட்டித் தயாராகவே வைத்திருந்தாள்.

ஆறாம் நாள் ஸக்கேயோ வந்தார். கட்டிலைப் பார்த்ததும் அவர் குரல் வார்டு முழுதும் எழுந்தது.

"இதுதான் வைத்தியமா? குண்டா கொண்டு வந்த புள்ளையைக் காஞ்ச மீனாக்கி வெச்சிருக்காங்க! எடை குறையுதுன்னு இவங்க சீட்டிலயே எழுதியிருக்காம்ல? உறிஞ்சறாங்கடி, உன் புள்ளையை! கெளம்பு."

லைசன் எனிஃபாவைப் பார்த்தான். அவன் கண்ணிலும் அதே அச்சம். எனிஃபாவின் கை மூட்டையை நோக்கி நீண்டது. நண்பர்களே, ஒரு உயிர் போவதும் இருப்பதும் அந்தக் கை நீண்ட தூரத்தில் இருந்தது.

ஸக்கேயோ குழந்தையைத் தூக்கினார். யான்கோவின் கையிலிருந்த பால் கோப்பையைப் பிடுங்கி அப்பால் வைத்தார். யான்கோ அலறினாள். ஒரு மாதமாக அழக்கூட மறந்திருந்த வாய் அது! அவர் மார்பில் உதைத்தாள், அவர் விரலைப் பிடித்துக் கடித்தாள், இரு கைகளையும் கோப்பையை நோக்கி நீட்டி, "எனக்கு! எனக்கு!" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினாள்.

"ஐயோ, கடிக்குதே இது!"

எனிஃபா மூட்டையை விட்டுவிட்டு எழுந்தாள்.

"புள்ளையைக் கீழ வையுங்க மாமா."

"என் பேச்சை மீறினா ஊருக்குள்ள எப்படிடி வருவே?"

"இவளை நடக்க வெச்சுக் கூட்டிட்டு வருவேன். அப்ப வந்து கூட்டம் போடுங்க, பதில் சொல்றேன்."

லைசன் முன்னே வந்து, மாமனின் கைகளிலிருந்து குழந்தையை மெதுவாக வாங்கிக் கட்டிலில் உட்கார வைத்து, கோப்பையை எடுத்துக் கொடுத்தான். அவ்வூரில் ஒரு மாப்பிள்ளை அப்படிச் செய்வதில்லை, அவன் செய்தான். ஸக்கேயோ விரலைத் தடவிக்கொண்டே படியிறங்கினார். யான்கோ கோப்பையை இரு கையாலும் இறுகப் பற்றிக்கொண்டு, யாரையும் நம்பாத கண்களோடு, கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

சாட்சிகளே! உங்கள் ஊரில் இதற்கு வேறு பெயர் இருக்கலாம். தோஷம் என்பீர்கள், கண்ணேறு என்பீர்கள், தாயின் ராசி என்பீர்கள். பெயர் எதுவானாலும் பழி சுமக்கிறவள் பெற்றவளே, வதைபடுவது குழந்தையே. அந்த முற்றத்தில் நீங்கள் நின்றீர்கள். பேசாமல் நின்றால் இருபது பேர் இருபத்தொருவர் ஆவார்கள், அவ்வளவுதான். இனி ஒரு தாயை நடுவில் நிறுத்தி யாரேனும் விசாரிக்கத் தொடங்கினால், எழுந்து குறுக்கே நில்லுங்கள். அவள் யாரோடு இருந்தாள் என்ற கேள்வியை வாயிலேயே அடக்குங்கள். பிள்ளை என்ன தின்றது என்று கேளுங்கள். பதில் வருவதற்குள் பிள்ளையைத் தூக்குங்கள். உங்கள் வீட்டில் பயறு இருந்தால் கொடுங்கள், முட்டை இருந்தால் கொடுங்கள், சைக்கிள் இருந்தால் மிதியுங்கள். ஒன்றும் இல்லையென்றால் நடங்கள். கூட்டம் கலையும்வரை காத்திருக்காதீர்கள், இப்போதே நடங்கள்!