பார்க்காமல் வாங்கிய வீடு

"நாங்க ஆளு கூப்புடலியே" என்றாள் ஜெயம்மாள், வாசலில் நின்ற பிரிசில்லாவின் கையிலிருந்த துடைப்பத்தைப் பார்த்து.

பிரிசில்லா துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். பின்னால் நின்ற அவள் கணவன் சாமுவேல் பையிலிருந்து பத்திர நகலை எடுத்தான். "வேலைக்கு வர்லம்மா. இந்த வீட்ட பேங்க் ஏலத்துல நாங்கதான் எடுத்திருக்கோம். ஆன்லைன்ல."

ஜெயம்மாள் கதவு நிலையில் கையை ஊன்றி மறித்துக்கொண்டாள். உள்ளேயிருந்து வந்த அவள் கணவர் கன்னியப்பன் நகலை வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"இது எந்தம்பி செல்வகுமாரோட பாகம். கடன வாங்கிட்டு ஓடிட்டானே, அவன்து. பின்கட்டு மட்டும்தான் உங்களுது. முன்கட்டு என்னுது. என் கூடத்து வழியா யாரும் போவ முடியாது."

"அப்ப நாங்க எப்பிடிங்க உள்ள போறது?"

"பின்னாடி சந்து இருக்குதே. செவுத்த உடைச்சி கதவு வெச்சிக்குங்க. வழியே இல்லன்னா சொல்றேன்?"

என்ன தாராள மனசு!

தோலைத் தடவிப் பார்க்காமல் யாரும் விலை பேசாத ஊர் ஆம்பூர். பிரிசில்லா கத்திரிக்காயைக்கூடத் திருப்பிப் பார்த்து வாங்குகிறவள். ஷூ கம்பெனியில் அவள் ஸ்டிச்சிங்கிலும் அவன் கட்டிங்கிலும் உழைத்துச் சேர்த்தது, அவள் நகை, போதாததற்குக் கடன் என்று எல்லாவற்றையும் கொட்டி ஒரு வீட்டைக் கண்ணால் பார்க்காமல் வாங்கினார்கள். வங்கி பார்வையிட நாள் கொடுத்திருந்தது. சாமுவேல் சட்டை மாட்டிக் கிளம்பியும் விட்டான். பிரிசில்லாதான் தடுத்தாள்.

"போய் நின்னா பேர் கேப்பாங்க. பேர் சொன்னா எந்தத் தெருன்னு கேப்பாங்க. அப்பறம் எப்படியாவது தடுத்துடுவாங்க. கம்ப்யூட்டர் ஒண்ணுதான் இதெல்லாம் கேக்காது."

அவள் பயந்ததில் தப்பில்லை. விற்பனைக்கு என்று போர்டு மாட்டிய வீடுகளுக்கு அவர்கள் போனபோதெல்லாம், தெருப் பெயரைக் கேட்டதுமே வீட்டுக்காரர்களுக்குப் பெங்களூரிலிருந்து மகன் குடிவரப்போவது ஞாபகம் வந்துவிடும். கம்ப்யூட்டருக்கு அப்படி மகன் யாரும் இல்லை. அது ஒரே ஒரு படம் காட்டியது. தேக்குக் கதவு போட்ட முன்வாசல். அந்த வாசல் ஏலத்தில் சேராது என்பதை மட்டும் காட்டவில்லை.

மறுநாள் வங்கி அதிகாரி கையை விரித்தார். "உள்ளது உள்ளபடின்னு தெளிவா போட்டிருக்கோம். நேர்ல வந்து பாக்காதது உங்க தப்பு." வழக்குப் போடலாம் என்ற வக்கீல், முடிய வருஷக்கணக்காகும் என்றும் சொன்னார். வாடகையும் கடன் தவணையும் சேர்ந்து கழுத்தை நெரித்தன.

"ஒரு கதவுதான, வெச்சிடலாம்" என்றாள் பிரிசில்லா. "எந்தப் பக்கமா போனா இன்னா? வீடு வீடுதான?"

ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் காசிநாதனைக் கூட்டிக்கொண்டு சந்துக்குள் போனார்கள். ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடிந்தது. காலடியில் சாக்கடை ஓடியது. காசிநாதன் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார். அங்கே முழங்காலுக்குக் கீழே ஒரு சதுரம் மட்டும் வேறு செங்கல்லால் அடைத்திருந்தது.

"இங்கயே உடைச்சா வேலை கம்மி. ஏற்கெனவே ஓட்ட இருந்த எடம். பழைய எடுப்புக் கக்கூஸு. இது வழியாதான் கைய வுட்டு வாருவாங்க."

சாமுவேல் அந்தச் சதுரத்தையே பார்த்தான்.

"எங்கம்மா வாரின எடம்" என்றான்.

"இன்னாது?" என்றாள் பிரிசில்லா.

"இந்தத் தெரு பூரா எங்கம்மாதான். சின்னதுல தகரத்தப் புடிச்சிக்கினு நானும் கூட வந்திருக்கேன். அதான் இந்தத் தெருல வீடுன்னதும் வுட மனசு வர்ல. இங்க ஒரு வீட்டோட முன்பக்கத்த நான் மொதமொதல்ல பாத்ததே அந்த போட்டோலதான்."

பிரிசில்லாவின் மாமியார் பூவம்மாள், சாகிறவரைக்கும், சாப்பிட உட்கார்ந்ததும் கையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் சோற்றில் வைப்பாள். ஏன் என்று இவள் ஒருநாளும் கேட்டதில்லை.

"வேணாம் மேஸ்திரி, நீங்க போங்க" என்றாள். சந்தை விட்டு வெளியே வந்து, தெருவைச் சுற்றிக்கொண்டு போய் முன்கதவைத் தட்டினாள்.

ஜெயம்மாள் எட்டிப் பார்த்தாள். "சந்துல கதவு வெக்கப்போறதா சொன்னாங்க?"

"அந்த வழியா எங்க மாமியாரு வந்துட்டுப் போய்ட்டாங்கம்மா. நாங்க இந்த வழியாதான் வருவோம். வழி வுடுங்க."

கதவு அறைந்து மூடியது. கன்னியப்பன் உள்ளேயிருந்து போனில் பேசியது தெருவுக்கே கேட்டது. "சார், யாரோ எங்க வீட்டுக்குள்ள பூந்துடப் பாக்கறாங்க. உடனே வாங்க."

எதிர்வீடுகளில் ஜன்னல்கள் திறந்தன. சாமுவேல் மனைவியின் தோளைத் தொட்டான். "வா, போய்டலாம். போலீஸ் வரப்போவுது."

பிரிசில்லா வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"வரட்டும். அவங்களுக்கும் சந்தக் காட்டறாங்களான்னு பாக்கலாம்."