நாலு நிமிஷ இன்டர்நேஷனல்

தெய்வசிகாமணி ரிட்டயர் ஆனதற்குக் கள்ளக்குறிச்சியில் பாராட்டு விழா வைத்தார்கள். மேடைக்குப் பின்னால் 'இந்தியக் கால்பந்தின் நட்சத்திரம்' என்று பெரிய ஃப்ளெக்ஸ். நட்சத்திரமாம்! இந்தியாவுக்காக அவன் ஆடியது மொத்தம் நாலு நிமிஷம். பந்து அவன் காலுக்கு மூன்று முறை வந்தது. மூன்றையும் பக்கத்தில் நின்றவனுக்குத் தள்ளிவிட்டான். நான் மைக்கைப் பிடித்ததும், "சுருக்கமா பேசுங்க பாய்" என்று ஒருத்தர் காதைக் கடித்தார். சுருக்கமாகவே பேசிவிட்டு இறங்கிவிட்டேன். அங்கே விட்டதை இங்கே சொல்கிறேன்.

என் பெயர் சுஐப். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சைக்கிள் கடை. அந்தக் காலத்தில் டவுன் டீமுக்கு நான்தான் கோல்கீப்பர், நான்தான் செக்ரட்டரி. பந்துக்குக் காற்றடிக்கிற பம்பு என் கடையில் இருந்ததால் கிடைத்த பதவி. தெய்வசிகாமணி நடுவில் ஆடுவான். கோல் போட்டவனைத் தோளில் தூக்குவார்கள், கோல் விட்டவனைத் திட்டுவார்கள். நடுவில் ஓடி ஓடிப் பந்தை வாங்கிக் கொடுக்கிறவன் பெயரை ஒருத்தனும் கேட்கமாட்டான்.

அவன் ஊர் எலவனாசூர்கோட்டைக்குக் கிழக்கே ஒரு சிற்றூர். பத்தொன்பது வயதில் மெட்ராசுக்கு ஆடப் போனான். எட்டு வருஷத்தில் ஆறு டீம். மெட்ராசில் இரண்டு, பெங்களூர், கேரளா, கோவா, கல்கத்தா. எல்லா இடத்திலும் டெம்பரரிதான். சீசன் முடிந்ததும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார்கள். பையைத் தூக்கிக்கொண்டு நேராக என் கடைக்கு வருவான்.

"இன்னாடா?"

"முடிஞ்சிடுச்சு."

அவ்வளவுதான். டீ குடித்துவிட்டு ஊருக்குப் போவான். அவன் வீட்டுக்கு வரும் கடிதாசு, தந்தி எல்லாம் என் கடை விலாசத்துக்குத்தான் வரும்.

கடைசியாக மெட்ராசில் ஓர் ஆபீஸ் டீமை நடத்தின அதிகாரி அவனிடம் உடைத்துச் சொன்னார். பெர்மனன்ட் வேலை, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில், அவரே வாங்கித் தருவார். அதற்கு இரண்டு வேண்டும். இந்தியாவுக்காக ஒரு மேட்சிலாவது இறங்கியிருக்க வேண்டும். பேரில் போலீஸ் கேஸ் இருக்கக் கூடாது. அப்போது அவனுக்கு இருபத்தேழு வயது. கால் இன்னும் எத்தனை வருஷம் ஓடும்?

அது எண்பத்தேழு செப்டம்பர். தனி இடஒதுக்கீடு கேட்டு அவன் சாதிக்காரர்கள் ஒரு வாரம் சாலை மறியல். ரோடு ஓரத்து மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். அவன் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஏரி வேலையோ தேர் வேலையோ, பொதுக் காரியம் எதுவானாலும் வீட்டுக்கு ஓர் ஆள் போக வேண்டும். அவன் வீட்டுக்குத் தலைக்கட்டு அண்ணன் கந்தசாமி. அவர் மஞ்சள்காமாலையில் கட்டிலோடு கிடந்தார். ஒரு டீம் விட்டு அடுத்த டீம் கிடைக்காமல் வீட்டில் சும்மா இருந்த தெய்வசிகாமணி கோடாலியை எடுத்துக்கொண்டு போனான்.

மற்றவர்கள் கைக்கு எட்டின மரத்தை வெட்டிப் போட்டார்கள். வண்டிகள் வயலில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போயின. இவன் அப்படிச் செய்யவில்லை. அரை மணி நேரம் ரோட்டில் மேலும் கீழும் நடந்து பார்த்தான். எதிராளி எந்தச் சந்தில் நுழைவான் என்று பார்த்தே பழகின கண். மதகுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய புளியமரம், இந்தப் பக்கம் பள்ளம், அந்தப் பக்கம் வாய்க்கால். அதைச் சாய்த்தான். சைக்கிள் போகக்கூட வழியில்லை. சொந்த ஊரில் அவனை நாலு பேர் மெச்சியது அன்றைக்குத்தான்.

மூன்றாம் நாள் என் கடைக்குத் தந்தி வந்தது. இந்திய அணிப் பயிற்சி முகாம், பெங்களூர், திங்கட்கிழமைக்குள் வந்து சேரவும். சைக்கிளை எடுத்தேன். நாற்பது மரம் தாண்டினேன். சிலதைச் சுற்றினேன், சிலதில் சைக்கிளைத் தூக்கினேன். கடைசி மரத்தில் முடியவில்லை. சைக்கிளைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் வாய்க்காலைக் கடந்தேன். தந்தியை வாயில் கவ்வியிருந்தேன்.

"எந்த நாய்டா அந்த மரத்த அங்க போட்டது?"

தந்தியைப் படித்துக்கொண்டே சொன்னான். "நான்தான்."

பஸ் இல்லை, ரயில் இல்லை. மேற்கே மட்டும் ஒரு வழி இருந்தது. கல்வராயன் மலையில் மறியல் இல்லை, மறிக்க அங்கே ரோடும் அவ்வளவாக இல்லை. கச்சிராயபாளையம் வரை அவனை டபுள்ஸ் அடித்துக்கொண்டு போய் விட்டேன். வெள்ளிமலை ஏறி, சேலம் பக்கம் இறங்கி, எங்கேயோ ஒரு லாரியைப் பிடித்துத் திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தான். வீங்கின காலோடு அன்று சாயங்காலமே பன்னிரண்டு நிமிஷ ஓட்டம் ஓடினான். கடைசியிலிருந்து நாலாவதாக வந்தான். யாருக்கோ முட்டி போனதில் டீமில் இடம் கிடைத்தது. அடுத்த ஜனவரியில், வளைகுடாவில், மூன்று கோலில் தோற்றுக்கொண்டிருந்த மேட்சில் கடைசி நாலு நிமிஷம் இறக்கிவிட்டார்கள். எனக்கு ஒரு கார்டு போட்டான். அதில் ஒரே வார்த்தை. 'ஆடிட்டேன்.' எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் டீ சொன்னேன்.

அவன் திரும்பி வந்தபோது கேஸ் வந்திருந்தது. எந்த மரத்துக்கு எந்த வீடு என்று ஊரில் எழுதிவைத்த பட்டியல் போலீஸ் கைக்குப் போய்விட்டது. அதில் ஆள் பேர் இல்லை, வீட்டுத் தலைக்கட்டுப் பேர்தான் இருந்தது. புளியமரத்துக்கு நேராகக் கந்தசாமி. மரம் விழுந்தபோது எழுந்து உட்காரக்கூடத் தெம்பில்லாமல் கிடந்த மனுஷன்.

"நான் போய் சொல்லிட்றன் சுஐப்பு."

"பைத்தியமாடா உனுக்கு? வேலை கைக்கு வர்ற நேரத்துலயா?"

கேட்டுக்கொண்டிருந்த கந்தசாமி எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். அவரும் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து எம்ப்ளாய்மென்ட் ஆபீசில் ஒன்பது வருஷமாகப் பதிந்து வைத்திருந்தார். அது எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அதை நான் நினைக்கவே இல்லை.

கோர்ட்டில் நானும் தெய்வசிகாமணியும் பின்னால் உட்கார்ந்திருந்தோம். கந்தசாமி பேரைக் கூப்பிட்டார்கள். இவன் சட்டென்று எழுந்தான். அவன் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து ஒரே இழு இழுத்தேன். அக்குளில் டர்ரென்று கிழிந்தது. உட்கார்ந்துவிட்டான். சத்தம் கேட்டுக் கந்தசாமி திரும்பிப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். முன்னால் திரும்பி, "ஆமாங்க, நான்தான் வெட்டனேன்" என்றார்.

அபராதம் கட்டினார். இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. வெட்டவில்லை என்று சொன்ன மற்றவர்கள் கேஸ் இழுத்துக்கொண்டே கிடந்து, ஆட்சி மாறினபின் ஒன்றுமில்லாமல் போனது. ஒப்புக்கொண்டவர் இவர் ஒருத்தர்தான். என் கை ஒன்றும் இரும்புக் கை இல்லை. தெய்வசிகாமணி நினைத்திருந்தால் மறுபடி எழுந்திருக்கலாம். எழவில்லை. அதையும் சொல்ல வேண்டும் அல்லவா?

அவனுக்கு வேலை கிடைத்தது. ஆபீஸ் டீமில் இன்னும் ஐந்து வருஷம் ஆடினான், அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்தான்.

தொண்ணூறில் எம்ப்ளாய்மென்ட் ஆபீசிலிருந்து கந்தசாமிக்கு ஒரு கார்டு வந்தது. கேட்ட ஒதுக்கீடு வந்திருந்தது, அதில் இன்டர்வியூ. விலாசம் வழக்கம்போல என் கடை. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு, கூட வந்த விண்ணப்பப் பாரத்தை முழுக்கப் படித்தார். தண்டனை பெற்றது உண்டா என்று ஓர் இடத்தில் கேட்டிருந்தது.

"இல்லன்னு எழுதுண்ணே. எவன் பாக்கப் போறான்?"

"பாப்பாங்க. பாத்தா எந்த மரம், எவன் வெட்டனான்னு கிளறுவாங்க. அவன் இப்பத்தான் வேலையில சேந்து கீறான்." கார்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "வாணாம் சுஐப்பு. தம்பிகிட்ட சொல்லாத."

அப்புறம் அவர் பேருக்கு ஒரு கார்டும் வரவில்லை. இன்றைக்கும் கரும்புதான்.

விழா முடிந்த மறுநாள் காலை தெய்வசிகாமணி கடைக்கு வந்தான். டீ சொன்னேன்.

"அண்ணன் நேத்து வந்து கடைசி வரிசையில உக்காந்துட்டு, மால போடறதுக்கு முன்ன எழுந்து போய்ட்டாரு" என்றான். "ஒம்போது வருஷம் பதிஞ்சி வச்சிருந்தாரே சுஐப்பு. ஒரு கார்டு கூடவா வர்ல?"

அவன் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான். நானும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"வர்ல" என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டு டீயைக் குடித்தான். கார்டு என் டிராயரில், பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. அவன் முழங்கை அந்த டிராயர் மேல்தான் ஊன்றியிருந்தது.