நாலாவது பிஸ்டன்

சம்பந்தியம்மாள் பட்டறைக்குள் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததுமே மெக்கானிக்குக் கை ஓடவில்லை. முப்பது வருடமாக என்ஜின் கட்டுகிறவர், யார் நின்று பார்த்தாலும் அசராதவர். ஆனால் பெண்ணைக் கொடுத்த இடம் என்று ஒன்று இருக்கிறதே, அங்கே எப்பேர்ப்பட்ட கொம்பனும் கொஞ்சம் குனிந்துதான் நிற்க வேண்டியிருக்கிறது.

அந்த அம்மாள் தையல்காரி. எதையும் அளந்து பார்க்காமல் நம்புகிற ஜாதி இல்லை. பெண் பார்க்க வந்த அன்றைக்கே இவர் வீட்டு ஜன்னல் திரை ஒரு பக்கம் அரை விரல் இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் தண்ணீரை வாயில் வைத்தார். இந்த அம்மாளிடம் நம் பெண் எப்படிக் காலம் தள்ளுவாளோ என்ற கவலை அன்று பிடித்தது, கல்யாணமாகி இரண்டு வருடமாகியும் மெக்கானிக்கை விடவில்லை.

வேன் மாப்பிள்ளையுடையது. அம்மாவும் மருமகளும் தைத்த பள்ளிச் சீருடைகளை ஏற்றிக்கொண்டு, மறுநாள் காலையில் மாப்பிள்ளையும் மகளும் அதில் மலைக்குக் கிளம்ப வேண்டும். மூட்டை ஏறினால் பழைய என்ஜினுக்கு மூச்சு வாங்கியது. அதனால் மாமனார் நான்கு பிஸ்டனையும் புதிதாகப் போட்டு, வால்வை முன்னைவிட ஆழமாகத் தள்ளித் திறக்கும் கேம் ஒன்றையும் மாட்டியிருந்தார். அதில்தான் சிக்கல். வால்வு கீழே இறங்கும், பிஸ்டன் மேலே ஏறும், இரண்டும் ஒன்றையொன்று தொடவே கூடாது. தொட்டால் என்ஜின் சுக்குநூறு. அதுவும் மலைவளைவில், பாரத்தோடு, அவருடைய மகள் உட்கார்ந்திருக்கும் வண்டியில்.

இடைவெளியைப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், பிள்ளைகள் விளையாடும் களிமண் போதும். முதல் பிஸ்டனின் தலையில் ஒரு உருண்டையை அப்பி, ஒட்டாமல் இருக்க எண்ணெய் தடவினார். மற்ற மூன்றும் தூசி படாமல் துணி மூடிக் கிடந்தன. துணியை உருவிவிட்டு, அமுங்கிப்போன பழைய கேஸ்கெட் தகட்டை வைத்து, வால்வுகள் தொங்கும் மேல்மூடியான ஹெட்டை மேலே வைத்து முறுக்கி, என்ஜினைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றினார். மறுபடி கழற்றினார். களிமண்ணில் வால்வு அமுக்கிய இடத்தைப் பிளேடால் வெட்டி, மிச்சமிருந்த தடிமனை அளந்தார். இரண்டு மில்லிமீட்டர் இருந்தாலே போதும். இரண்டரை இருந்தது.

"முடிஞ்சுது" என்று கையைத் துடைத்தார்.

"மத்த மூணு?" என்றார் சம்பந்தியம்மாள்.

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம், சம்பந்தி."

"அது ஒரே பானையில வெந்த சோறு. இங்க நாலு பானை இருக்கே."

மெக்கானிக் பிளேடைத் துடைத்துப் பெட்டிக்குள் போட்டார்.

"எங்கிட்ட சட்டை தைக்க வர்றவங்க எல்லாரும் ஒரு கையைத்தான் நீட்டுவாங்க. நான் ரெண்டையும் அளப்பேன். யாருக்கும் ரெண்டு கையும் ஒண்ணா இருந்து நான் பார்த்ததில்ல."

நீங்கள் உங்கள் ஊசியைப் பாருங்கள் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மகள் முகம் நினைவுக்கு வந்ததால் அதை விழுங்கினார். அரை நாள் வேலை வீண், போகட்டும், சம்பந்தி வாயை மூடக் களிமண் செலவானால் மலிவுதான் என்று முணுமுணுத்துக்கொண்டு, சரியாகப் பார்க்காமலே மற்ற மூன்றிலும் அப்பினார். மூடினார், முறுக்கினார், சுற்றினார். எங்கேயும் இடிக்காமல் வெண்ணெய் போலச் சுற்றியது. "பார்த்தீங்களா" என்பதுபோல ஒரு பார்வையும் பார்த்துவைத்தார்.

ஹெட்டைத் தூக்கினார். இரண்டாவது சரி, மூன்றாவதும் சரி. நாலாவதில் ஒரு வால்வுக்குக் கீழே களிமண் காகிதமாக நசுங்கிக் கிடந்தது. அளந்தார். அரை மில்லி. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி அளந்தார். அரை மில்லிதான்.

களிமண்ணை வழித்தார். பிஸ்டன் தலையில் ஒரு சிறிய அம்புக்குறி இருக்கும், அது என்ஜினின் முன்பக்கம் பார்க்க வேண்டும். மூன்று அம்புகள் முன்னால் பார்த்தன. நாலாவது பின்னால் பார்த்தது. பெரிய வால்வு இறங்க இடம்விட்டுப் பிஸ்டன் தலையில் குடைந்த பெரிய குழி சின்ன வால்வுக்குக் கீழேயும், சின்னக் குழி பெரிய வால்வுக்குக் கீழேயும் இடம் மாறியிருந்தன. கையால் சுற்றும்போது அரை மில்லி தாங்கும். ஏற்றத்தில் என்ஜின் அலறும்போது தாங்காது.

நாலாவதை எப்போது மாட்டினோம் என்று அவர் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கண் ஆபரேஷன் முடிந்த நான்காம் நாள். டாக்டர் போடச் சொன்ன கறுப்புக் கண்ணாடியோடு, மனைவி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, "நான் கண்ணை மூடிக்கிட்டே கட்டுவேன்" என்று வீம்பு பிடித்துப் பட்டறைக்கு வந்த நாள். கட்டியும்விட்டார், கண்ணை மூடிக்கொண்டுதான்.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இனி வாழ்நாள் முழுக்க, போகிற வருகிற விசேஷத்தில் எல்லாம் இந்த அம்மாள் இதைச் சொல்லிக் காட்டப்போகிறார் என்று காத்திருந்தார். சொல்லட்டும், எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லட்டும் என்றுகூடத் தோன்றியது.

சம்பந்தியம்மாள் குனிந்து அம்பைப் பார்த்தார், அவர் முகத்தையும் பார்த்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டார்.

"மறுபடி பிரிக்கணுமா?"

"அடிவரைக்கும் பிரிக்கணும்."

"பிரிக்கறதும் தையல் வேலையில பாதிதான். நான் லைட்டைப் பிடிக்கிறேன், நீங்க ஆரம்பிங்க."

பாதி வேலையில் மாப்பிள்ளை வந்து வண்டி தயாரா என்று கேட்டான். ஏதாவது பொருள் வரவில்லை என்று ஒரு சாக்குச் சொல்லியிருக்கலாம். பட்டறையில் அந்தச் சாக்குக்குப் பஞ்சமே கிடையாது.

"நாலாவது பிஸ்டனை நான் திருப்பி மாட்டிட்டேன் மாப்ள. அப்படியே கொடுத்திருந்தா நாளைக்கு மலையில நடுவழியில வெடிச்சிருக்கும். உங்க அம்மா பிடிவாதமா நிக்கலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. காலையில வேண்டாம், மத்தியானமா கிளம்புங்க."

மாப்பிள்ளை அம்மாவைப் பார்த்தான். அம்மா லைட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவன் தலையாட்டிவிட்டு மூட்டை கட்டப் போனான்.

மெக்கானிக் பிஸ்டனை வெளியே உருவி, துடைத்து, அம்பை முன்பக்கமாகத் திருப்பினார். உள்ளே விடுவதற்கு முன் எண்ணெய்க் கையோடு அப்படியே நின்றார்.

"ஒண்ணு சொல்லணும், சம்பந்தி. ரெண்டு வருஷமா என் பொண்ணு உங்ககிட்ட மாட்டிக்கிட்டாளேன்னு கவலைப்பட்டுக்கிட்டே இருந்தேன். அவ உங்க வீட்டுல இருக்கான்னு நினைச்சா இன்னிக்குத்தான் எனக்கு நிம்மதியா இருக்கு. நீங்க செஞ்சதை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

சம்பந்தியம்மாள் லைட்டை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"நீங்க கவலைப்பட்டது தெரியும்" என்றார். "கல்யாணமான மறுவாரமே அவ எங்கிட்ட சொல்லிட்டா. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் சிரிச்சோம்."