உம் கொட்டியது யார்

மாரீஸ்வரிக்கு அன்று பதினொரு மணிக்கு இன்டர்வியூ என்பது எங்கள் சந்தில் எல்லாருக்கும் தெரியும். சொன்னது நான்தான். ஏ.ஐ. கம்பெனி, நானூறு பேரில் மிச்சம் ஆறு பேர், இது கடைசிச் சுற்று. இவ்வளவையும் அவள் அம்மா முத்துமாரி என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். என்னிடம் ரகசியம் சொன்னால் என்ன ஆகும் என்று தாராவியில் இருபது வருஷமாக இருக்கிறவளுக்குத் தெரியாதா?

லேப்டாப் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். கோலிக்குள், அதாவது அந்த ஒற்றை அறைக்குள், வேறு குரல் கேட்டால் கம்ப்யூட்டரே கண்டுபிடித்து டிங் என்று மணி அடிக்கும். மூன்றாவது மணிக்கு இன்டர்வியூ ரத்து. யாரோ விடை சொல்லித் தருகிறார்கள் என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் அந்தப் பக்கமே போக முடியாது. அதனால் முத்துமாரி காலையிலேயே சயானில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். பத்தரைக்கு மாரீஸ்வரி என் வாசலில் நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

"பேராச்சி அத்த, ஒரு மணி நேரம் தையல் மிஷின ஓட்டாதீங்க. யாரு கூடயும் பக்பக் பண்ணாதீங்க."

"நான் என்னளா பேசப்போறேன்?"

"பேசுவீங்க."

சரி, பேசுவேன். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். ஒரு மாசமாகச் சாயங்காலம் அவள் தன் பாடத்தை எனக்குத்தான் சொல்லிப் பார்த்தாள். நான் பைகளுக்கு உள்துணி தைத்துக்கொண்டே உம் கொட்டுவேன். ஒன்றும் புரியாது. புரியாவிட்டாலும் உம் கொட்டலாம். என் வீட்டுக்காரர் பேசும்போது இத்தனை வருஷமாக அதைத்தான் செய்கிறேன்.

பதினொரு மணிக்கு மிஷினை நிறுத்திவிட்டுத் தகரத்தை ஒட்டி உட்கார்ந்தேன். காற்றுக்காக உட்கார்ந்தேன் என்றால் நம்பவா போகிறீர்கள்?

கேள்வி கேட்டவர் பெயர் சுப்ரமணியன். இங்கிலீஷில் ஆரம்பித்தவர், "நம்ம வேலையே தமிழ் ஏ.ஐ. மாடல்தானே, தமிழ்லயே சொல்லுங்கோ" என்றார். மாட்டுங்கா ஐயர் வீட்டுத் தமிழ். இஸ்திரி போட்டு மடித்து வைத்த மாதிரி இருந்தது.

"ஒரு மாடல், டெஸ்ட்ல நன்னா பண்றது. ஜனங்க கைக்குப் போனா உளர்றது. ஏன்?"

"படிச்சத அப்படியே மனப்பாடம் பண்ணிருக்கும் சார்." அவள் குரல் நடுங்கியது.

"உம்."

டிங்.

அது நான் இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன்.

"புதுசா ஒண்ணு கேட்டா முழிக்கும். அதனால கொஞ்சம் டேட்டாவ அதுக்குக் காட்டாம தனியா வச்சிருக்கணும்."

"உம்."

டிங்.

இப்போது சந்தேகமே இல்லை. பாழாய்ப்போன வாய்.

"யாரு அங்க?" அவர் குரலில் இஸ்திரி கலைந்துவிட்டது. "லேப்டாப்பைத் தூக்கி ரூமைக் காட்டுங்கோ."

காட்டியிருப்பாள். சிலிண்டர், சுருட்டிய பாய், டிரம்மில் தண்ணீர். ஆள் இல்லை. ஆள் இல்லாததுதான் வினை.

"காதுல என்ன வச்சிருக்கேள்? முடியை ஒதுக்கிக் காட்டுங்கோ."

"ஒண்ணும் இல்ல சார். சத்தியமா இல்ல." அழுதுவிடுவாள் போலிருந்தது.

நான் போய் உண்மையைச் சொன்னால் அதுவே மூன்றாவது மணி. போகாவிட்டால் அவள் திருடி. வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அவள் கோலிக்குள் போய் லேப்டாப் முன்னால் நின்றேன்.

"மாமி, நீங்க யாரு?" என்றார்.

தாராவியில் என்னை யாரும் மாமி என்று கூப்பிட்டதில்லை. அதற்கு ஒரு பதில் இருந்தது. விழுங்கினேன்.

"பக்கத்து வீட்டு அத்த சார். நான் இவங்ககிட்டதான் சொல்லிப் பழகுனேன். கத கேட்டா உம் கொட்டுவாங்க."

"இது கதையா?"

"அவங்களுக்கு எல்லாம் கததான் சார்."

அவர் சிரிக்கவில்லை. "அவங்க கேமராவில தெரியற மாதிரி உட்காரட்டும். நீங்க அவங்க ஜாடையைப் பாக்காம கண்ணை மூடிண்டு பதில் சொல்லுங்கோ. ஒருத்தர் பேச்சை மட்டும் மாடல் தப்பாப் புரிஞ்சுக்கறது. ஏன்னு எப்படிக் கண்டுபிடிப்பேள்?"

அவள் கண்ணை மூடினாள். "முதல்ல, தப்பாப் போன வாக்கியத்த எல்லாம் தனியா எடுப்பேன் சார்."

நின்றுவிட்டாள்.

எதற்குக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஒரு மாசமாக அந்த இடத்தில் ஒரு உம் விழும். இப்போது அது என் தொண்டையில் நிற்கிறது. தலையை ஆட்டினேன். மூடிய கண்ணுக்குத் தலையாட்டல் எப்படித் தெரியும்? அவள் விரல்கள் துப்பட்டாவைப் பிசைந்தன. உதடு திறந்து மூடியது. தலைப்பைப் பல்லால் கடித்துக்கொண்டேன்.

"ம்," என்றது லேப்டாப்.

சுப்ரமணியன்தான். தான் சொன்னது அவருக்கே தெரிந்திருக்காது.

"அப்புறம், பேசுனது யாரு, எந்த ஊருப் பேச்சுன்னு பிரிப்பேன்."

"ம்."

"எங்க சந்துல பேசுதவங்க குரலு அது படிச்ச டேட்டால இருக்கான்னு பாப்பேன்."

"ம்."

அப்புறம் அவள் நிற்கவில்லை. மணியும் அடிக்கவில்லை.

"ரெண்டு வார்னிங்குக்கும் நான் காரணம் எழுதணும்," என்றார் கடைசியில். "பக்கத்து வீட்டில் கதை கேட்பவர்னு எழுதறேன். மேல இருக்கறவா ஒத்துக்கணும். வெள்ளிக்கிழமை மெயில் வரும்."

திரை கறுத்தது. மாரீஸ்வரி கண்ணைத் திறந்தாள்.

"அத்த, போச்சா? கெடைக்குமா? எதாவது சொல்லுங்க."

லேப்டாப்பை முதலில் மூடு என்று கையைக் காட்டினேன். மூடினாள். அப்புறம்தான் தலைப்பை வாயிலிருந்து எடுத்து, "உம்," என்றேன்.